முள்வேலிக்குள் வளர்ந்த ஒரு பயிற்சி: பிலாட்டீஸ் வரலாறும் நம் அன்றாட அசைவும்

ஜும்ஆ தொழுகை முடிந்து சலாம் கொடுத்தபின் பள்ளிவாசலின் பின்வரிசையைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால் நாற்காலிகள் தெரிகின்றன. முன்பு ஒன்றிரண்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு வரிசையே நிற்கிறது. நிற்கவும் குனியவும் இயலாதவருக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகை அது. அதில் அமர்பவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. எனினும் அந்த நாற்காலி வரைக்கும் நாம் எவ்வழியில் வந்து சேர்ந்தோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதில் தவறில்லை. முழங்கால் ஒரே நாளில் மடங்க மறுப்பதில்லை. சுஜூதிலிருந்து எழ இயலாத முதுமை, பெரும்பாலான உடல்களில், பல்லாண்டு அசைவின்மையின் கடைசிப் பக்கமாகவே வருகிறது.

வீட்டினுள்ளும் இதே கதைதான். உம்மா தரையில் அமர்ந்தால் எழுவதற்கு ஒரு கை நீள வேண்டியிருக்கிறது. வாப்பா மாடிப்படியைக் கண்டதும் தயங்குகிறார். மகளோ கைப்பேசியில் பிலாட்டீஸ் என்றொரு பயிற்சியைப் பார்த்துவிட்டு, பாய் விரித்து வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்கிறாள். உடனே பெரியவர்களிடமிருந்து சில கேள்விகள் எழுகின்றன. இது என்ன? யோகாவைப் போன்றதா? இதில் வேறு மதத்தவரின் வழிபாடு ஏதும் கலந்திருக்கிறதா? நம் பெண்களுக்கு இது தகுமா?

இவை நியாயமான கேள்விகளே. ஒரு பழக்கம் நம் வாசலுக்குள் நுழையுமுன் அது எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்பது நம் வழக்கம். ஆகவே அந்த வரலாற்றைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

நோயாளிச் சிறுவன்

பிலாட்டீஸ் என்பது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். ஜோசப் பிலாட்டீஸ் 1883ஆம் ஆண்டு ஜெர்மனியின் மொன்செங்கிளாட்பாக் நகரில் பிறந்தார். ஆஸ்துமாவும், எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயும், வாதக் காய்ச்சலும் அவருடைய குழந்தைப் பருவத்தை வாட்டின என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. தந்தை உலோக வேலை செய்தவர். உள்ளூர் உடற்பயிற்சிக் கழகத்திலும் பங்கேற்றவர்.

அக்காலத்து ஜெர்மனியில் அத்தகைய கழகங்கள் ஊர்தோறும் இருந்தன. 1811ஆம் ஆண்டு பெர்லின் நகருக்கு வெளியே ஃபிரெட்ரிக் லுட்விக் யான் என்னும் ஆசிரியர் திறந்தவெளிப் பயிற்சித் திடல் ஒன்றை அமைத்தார். அங்கிருந்து பரவிய இயக்கமே பிற்காலத்தில் பள்ளிக்கூடங்களின் உடற்கல்வியாக வளர்ந்தது. மூச்சிரைத்து நின்ற சிறுவன் ஜோசப், அந்த இயக்கத்தின் காற்றைச் சுவாசித்து வளர்ந்தார். குத்துச்சண்டையும் கற்றார். தன் நோயைத் தன் உடலாலேயே வெல்ல வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு இருந்தது.

எனவே பிலாட்டீஸின் வேர் ஜெர்மானிய உடற்பயிற்சி மரபில் இருக்கிறது. கீழை நாடுகளின் பயிற்சிகளையும் அவர் கவனித்தார் என்று சொல்வோர் உண்டு. ஆயினும் அவர் எழுதி வைத்த முறையில் மந்திரமில்லை, வணக்கமில்லை, எந்தத் தெய்வத்தின் பெயரும் இல்லை. மூச்சு, முதுகெலும்பு, தசை, கவனம் ஆகியவற்றைப் பற்றியே அது பேசுகிறது.

நாக்கலோ முகாம்

முதல் உலகப்போருக்குச் சற்று முன்பு பிலாட்டீஸ் இங்கிலாந்து சென்றிருந்தார். 1914இல் போர் மூண்டதும் அங்கிருந்த ஜெர்மானியர்கள் எதிரி நாட்டவர் ஆயினர். குற்றம் எதுவும் செய்யாத சமையற்காரர்கள், முடிதிருத்துவோர், மாலுமிகள், வணிகர்கள் ஆகியோரெல்லாம் சிறைப்படுத்தப்பட்டனர். பிலாட்டீஸ் முதலில் லங்காஸ்டரிலும், 1915 முதல் மான் தீவிலுள்ள நாக்கலோ முகாமிலும் அடைக்கப்பட்டார்.

நாக்கலோ ஒரு பண்ணை நிலம். அதில் எழுந்த மரக்கொட்டகைகளில் ஒரு கட்டத்தில் சுமார் 23,000 பேர் வாழ்ந்தனர். முள்வேலி, சேறு, ஓயாத கடற்காற்று, செய்வதற்கு எதுவுமற்ற நாள்கள் ஆகியவையே அவர்களுடைய உலகம். ஸ்விட்சர்லாந்து மருத்துவர் அடோல்ஃப் விஷர் இத்தகைய முகாம்களை ஆராய்ந்து, அங்கு மனிதர்களுக்கு ஏற்பட்ட தளர்ச்சியை ‘முள்வேலி நோய்’ என்று அழைத்தார். எரிச்சல், மறதி, எதிலும் மனம் ஒன்றாமை, நாளைக்கு என்ன என்று தெரியாத சோர்வு ஆகியன அதன் அடையாளங்கள்.

நாம் அதிகம் அறியாத செய்தி ஒன்று இங்குண்டு. உஸ்மானியப் பேரரசு அப்போரில் ஜெர்மனியின் பக்கம் நின்றது. ஆதலால் பிரிட்டனில் இருந்த அதன் குடிமக்களும் கைதாயினர். அவர்களில் முஸ்லிம்கள் நாக்கலோவிலும் இருந்தனர். முகாமுக்கு அருகிலுள்ள பேட்ரிக் என்னும் சிற்றூரின் தேவாலய வளாகத்தில், அங்கே இறந்த துருக்கிய முஸ்லிம்கள் சிலரின் கப்ருகள் இன்றும் உள்ளன. தாய்மண்ணைக் காணாமலேயே அவர்கள் அந்தத் தீவின் மண்ணில் உறங்குகின்றனர்.

அம்முகாமில் சிலர் நூல் படித்தனர்; சிலர் நாடகம் போட்டனர். குவேக்கர் சமயத்தவரின் உதவியோடு சிலர் மரவேலையும் கூடை முடைதலும் செய்தனர். பிலாட்டீஸ் உடலைப் பயிற்றுவித்தார். பெரிய கருவிகளுக்கு வழியில்லாத இடம் அது. படுக்கும் அளவுக்கு ஒரு தரை, சொந்த உடல், மூச்சு ஆகியவையே கையிருப்பு. பிற்காலத்தில் உலகமெங்கும் பரவிய பாய்ப் பயிற்சிகளின் எளிமைக்கு இந்தச் சூழலும் ஒரு காரணம்.

இக்காலத்தைச் சுற்றிப் பல கதைகள் முளைத்துள்ளன. மருத்துவமனைக் கட்டில்களில் சுருள்வில்களைப் பொருத்தி நோயாளிகளுக்குப் பயிற்சி அளித்தார் என்பது ஒன்று. 1918இன் கொள்ளைக் காய்ச்சலில் அவரிடம் பயின்ற ஒருவர்கூட இறக்கவில்லை என்பது மற்றொன்று. இவை கேட்க இனியவை; ஆனால் மெய்ப்பிக்கும் சான்றுகள் இல்லாதவை. ஒரு நல்ல பழக்கத்தை ஏற்க அற்புதக் கதைகள் தேவையில்லை. செய்தியைக் கேட்டால் அதன் அறிவிப்பாளர் வரிசையைக் கேட்கும் சமுதாயம் நாம். இதிலும் அந்த ஒழுங்கைக் கைவிட வேண்டியதில்லை.

நியூயார்க்கின் மாடியறை

1919இல் விடுதலையாகி ஜெர்மனி திரும்பிய பிலாட்டீஸ், 1926இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். நியூயார்க் நகரின் எட்டாவது அவென்யூவில், கிளாரா என்னும் துணைவியாருடன் ஒரு பயிற்சிக்கூடம் நடத்தினார். தம் முறைக்கு அவர் வைத்த பெயர் ‘கான்ட்ராலஜி’. கட்டுப்பாட்டின் கலை என்று அதைப் பொருள்கொள்ளலாம். ஒவ்வொரு அசைவும் மனத்தின் கட்டளைக்கு அடங்கி, மூச்சோடு இணைந்து, அளவோடு நடைபெற வேண்டும். பத்து முறை கவனமின்றிச் செய்வதைவிட ஒரு முறை சரியாகச் செய்வதே மேல் என்பது அதன் சாரம்.

காயமுற்ற நடனக் கலைஞர்கள் அக்கூடத்தை நாடி வந்ததால் அதன் புகழ் பரவியது. கிளாரா பொறுமைசாலி, நோயுற்றவர்களுக்கும் அஞ்சி நிற்பவர்களுக்கும் ஏற்ப அசைவுகளை மென்மையாக்கிச் சொல்லிக்கொடுத்தவர். பிலாட்டீஸ் 1967இல் இறந்த பின்னரும் அக்கூடம் நிற்காமல் நடந்ததில் அவருக்குப் பெரும்பங்குண்டு. ஆயினும் பெயர் என்னவோ கணவருக்கு மட்டுமே போயிற்று.

பிலாட்டீஸ் 1934இலும் 1945இலும் இரு நூல்களை வெளியிட்டார். முதல் நூலில், நவீன மனிதன் அமரும் நாற்காலியையும் படுக்கும் கட்டிலையும் அவர் கடுமையாகச் சாடினார். உடலின் வடிவத்தை அவை கெடுக்கின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. சிறிய வீடுகளில் வாழ்வோருக்காக, அமர்வதற்கும் உதவி, திருப்பி வைத்தால் பயிற்சிக் கருவியாகவும் மாறும் ஒரு நாற்காலியை வடிவமைத்தார். இரண்டாம் நூலில் கருவியே இல்லாமல் தரையில் செய்யத்தக்க 34 பயிற்சிகளைப் படங்களோடு விளக்கினார். நாளொன்றுக்குப் பத்து நிமிடமேனும் தவறாமல் செய்வதெனத் தீர்மானியுங்கள் என்பது அவர் வாசகரிடம் வைத்த வேண்டுகோள்.

பெயர் யாருக்குச் சொந்தம்?

அவர் இறந்து பல்லாண்டுகளுக்குப் பிறகு பிலாட்டீஸ் என்னும் பெயர் வணிகமாயிற்று. அப்பெயரைத் தாம் மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஒரு தரப்பினர் உரிமை கோரினர். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. யோகா, கராத்தே போன்று பிலாட்டீஸும் ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர். அதை எவரும் உடைமையாக்க இயலாது என்று தீர்ப்பானது. அதன் பிறகே பயிற்சிக்கூடங்கள் பெருகின. கட்டணங்களும் பெருகின.

விளம்பரங்கள் சொல்வதையெல்லாம் நம்பலாமா? நாள்பட்ட இடுப்புவலிக்கு இப்பயிற்சி எவ்வளவு உதவுகிறது என்பதை, 510 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2015இல் காக்ரேன் ஆய்வுக்குழு ஆராய்ந்தது. எதுவும் செய்யாமல் இருப்பதைவிடப் பிலாட்டீஸ் செய்வது நல்லது. ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட இதுவே மேலானது என்று கூறப் போதிய சான்றில்லை. இதுவே அவர்கள் கண்ட முடிவு. நம் கைச்செலவுக்கு இது நற்செய்தி. பயன் பெயரில் இல்லை, அசைவில் இருக்கிறது. சுருள்வில் கருவி பூட்டிய கூடத்துக்குப் போக வசதியில்லாத ஒரு தாய், தன் அறையில் விரித்த பாயிலேயே அப்பயனின் பெரும்பங்கைப் பெறலாம்.

படியேறிய நடத்துநர்கள்

அசைவின் பயனை எண்களால் நிலைநாட்டிய ஆய்வு பிலாட்டீஸின் காலத்திலேயே லண்டனில் நடந்தது. ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர், சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவுகளை ஆராய்ந்து 1953இல் முடிவுகளை வெளியிட்டார். லண்டனின் இரட்டைமாடிப் பேருந்தில் இருவர் பணிபுரிந்தனர். ஓட்டுநர் நாளெல்லாம் அமர்ந்திருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டு கொடுப்பதற்காக ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறினார்.

இருவரும் ஒரே வண்டியில் சென்றவர்கள். ஏறக்குறைய ஒரே வகை வாழ்க்கை வாழ்ந்தவர்கள். ஆயினும் நடத்துநர்களிடையே மாரடைப்பு நோய் குறைவாக இருந்தது. வந்தாலும் சற்று வயது முதிர்ந்தே வந்தது. சந்தேகம் மிச்சமிருக்கக் கூடாதென்று, தொழிலாளர்களுக்குத் தைக்கப்பட்ட சீருடைகளின் இடுப்பளவைக்கூட மாரிஸ் பின்னர் ஆராய்ந்தார். ஓட்டுநர்களின் இடுப்பு தொடக்கத்திலேயே பெரிதாக இருந்ததையும் அவர் மறைக்கவில்லை. அஞ்சலகத்தில் நடந்து கடிதம் கொடுத்தவர்களையும் அமர்ந்து எழுதியவர்களையும் ஒப்பிட்டபோதும் இதே போக்கைக் கண்டார்.

அந்த நடத்துநர்களில் எவரும் உடற்பயிற்சி செய்வதாக நினைத்துப் படியேறவில்லை. அவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். வேலைக்குள்ளேயே அசைவு இருந்தது. நம் பாட்டிமார்களுடைய வாழ்வும் அவ்வாறே இருந்தது. கிணற்றில் நீர் இறைத்தல், அம்மியில் அரைத்தல், ஆட்டுக்கல்லில் மாவாட்டுதல், முற்றம் கூட்டுதல், தரையில் சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டு எழுதல் என்று நாள் முழுதும் உடல் இயங்கியது. அந்தப் பாடுகளை நாம் புகழ வேண்டியதில்லை. இயந்திரம் வந்ததால் பெண்களின் முதுகு சற்று ஓய்ந்தது. அது அல்லாஹ்வின் அருளே. ஆனால் வேலை போனபோது அதனோடு அசைவும் போனதை நாம் கவனிக்கத் தவறினோம். மிச்சமான நேரத்தை நாற்காலியும் திரையும் எடுத்துக்கொண்டன.

நம் மரபு சொல்வது

உடலைப் பேணுவது பற்றிய சிந்தனை நமக்கு இரவலாக வந்ததன்று. கி.பி. 1037இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு சீனா, தம் ‘அல்கானூன்’ நூலில் உடல்நலம் காக்கும் வழிகளைக் கூறுமிடத்தில் உடற்பயிற்சிக்குத் தனி இடம் அளித்தார். மூச்சை ஆழமாகவும் அடுத்தடுத்தும் விடச் செய்யும், நாமே விரும்பிச் செய்யும் அசைவே உடற்பயிற்சி என்பது அவர் தந்த விளக்கம். மல்யுத்தம், ஓட்டம், விரைநடை, குதிரையேற்றம் ஆகியவற்றோடு, வலுவற்றவர்களுக்கு ஊஞ்சலையும் படகுப் பயணத்தையும்கூட அவர் பட்டியலிட்டார். ஒவ்வோர் உடலுக்கும் அதன் வலிமைக்கேற்ற அசைவு உண்டு என்னும் இக்கருத்தையே, ஒன்பது நூற்றாண்டுகள் கழித்துக் கிளாரா தம் நோயாளிகளிடம் நடைமுறையில் காட்டினார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு இயக்கம் நிறைந்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதும், சனிக்கிழமைகளில் நடந்தோ வாகனத்திலோ குபா பள்ளிக்குச் சென்றதும், வீட்டில் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டதும் ஹதீஸ்களில் பதிவாகியுள்ளன. பனூ சலிமா குலத்தார் மஸ்ஜிதுந் நபவியை விட்டுத் தொலைவில் வாழ்ந்தனர். பள்ளிக்கு அருகே குடியேற அவர்கள் விரும்பியபோது, இருக்கும் வீடுகளிலேயே இருக்குமாறும், அவர்கள் எடுத்துவைக்கும் அடிகள் எழுதப்படுவதாகவும் நபியவர்கள் கூறினார்கள். நாமோ இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கு வண்டியை எடுக்கிறோம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தொழுகை ஓர் உடற்பயிற்சி என்று சொல்லி அதைச் சுருக்கிவிடக் கூடாது. அது இறைவனுக்குச் செய்யும் வணக்கம்; அதன் நோக்கம் தசையன்று. ஆனால் அவ்வணக்கத்தை நின்றும் குனிந்தும் நெற்றியை நிலத்தில் பதித்தும் செய்ய ஓர் உடல் வேண்டும். அந்த உடலைக் காப்பது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

இனி வீட்டில்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, வயது வந்தோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கமும், இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை. முதியோர் வாரத்தில் மூன்று நாளாவது நிலைதடுமாறாமல் நிற்க உதவும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும். சிறிதளவு அசைவும் கணக்கில் சேரும் என்பதை அந்நிறுவனம் வலியுறுத்தியது. பிலாட்டீஸ் போன்ற பயிற்சி தசைக்கும் நிலைப்புக்கும் உதவும். நடையின் இடத்தை அது முழுமையாக நிரப்பாது. இரண்டும் வேண்டும்.

புதிய பழக்கம் நிலைக்க, அதைப் பழைய பழக்கமொன்றின் தோளில் ஏற்றிவைப்பது நல்லது. நமக்கு ஐந்து வக்துகள் உள்ளன. சுபுஹுக்குப் பின் முஸல்லாவை மடித்துவிட்டு, வேறொரு பாய் விரித்துப் பத்து நிமிடம் முதுகையும் வயிற்றுத் தசையையும் பயிற்றலாம். அஸருக்குப் பள்ளிக்கு நடந்து போகலாம். இஷாவுக்கு முன் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். நாளுக்கு ஒரு வேளையேனும் தரையில் அமர்ந்து உண்டு, இயன்றவரை கையூன்றாமல் எழலாம். மகளுக்குக் கூடம் தேவையில்லை. கதவைச் சாத்திய ஓர் அறையும், இந்த நேரம் அவளுடையது என்று வீட்டார் விட்டுக்கொடுப்பதும் போதும். அந்த நேரத்தில் அடுப்பைப் பார்த்துக்கொள்வது ஆண்களுக்கும் ஓர் அசைவுதான், அது நபிவழியும்கூட.

முன்னெச்சரிக்கையும் தேவை. எலும்புத் தேய்வுள்ளவர்கள் முதுகை முன்னோக்கிச் சுருட்டும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், மூட்டு அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்டபிறகே தொடங்க வேண்டும். வலித்தால் நிறுத்த வேண்டும்.

குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்று நாம் சிறுவயதிலேயே கற்றிருக்கிறோம். முள்வேலிக்குள் எதுவுமற்று இருந்த ஒரு மனிதர், தன்னிடம் எஞ்சியிருந்த ஒன்றை வீணாக்காமல் வைத்துக்கொண்டார். நம்மைச் சுற்றி வேலி இல்லை. ஒரு பாயும் பத்து நிமிடமும் இருக்கின்றன. நாளைய சுஜூதிலிருந்து நம் உம்மாவும் வாப்பாவும், பின்னொரு நாளில் நாமும், பிறர் கை தேடாமல் எழுவதற்கான ஆயத்தத்தை இன்றே தொடங்குவோம்.

கடைசி மூச்சு வரை அவனுக்காக நிற்கவும் குனியவும் பணியவும் வலுவுள்ள உடலை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.